போத்தனூர்த் தாயின் புதல்வர்: கணிப்பொறி மேதை ஆலன் டூரிங்



கோவை மாநகரில் அமைந்துள்ள போத்தனூர் இரயில் சந்திப்பை நம்மில் பலர் அறிவோம். அவ்வூரில் 1881-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் எத்தெல் சாரா ஸ்டோனி என்னும் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் தந்தையார் எட்வர்ட் வாலர் ஸ்டோனி, அக்கால இரயில்வேயில் தலைமைப் பொறியாளர் பதவி வரை உயர்ந்தவர். துங்கபத்திரை ஆற்றின் குறுக்கே பாலம் அமைத்த பெருமைக்குரியவர். போத்தனூரில் பிறந்த அக்குழந்தையே, கணிப்பொறி இயலின் தந்தை என உலகம் போற்றும் ஆலன் மேதிசன் டூரிங்கைப் பிற்காலத்தில் ஈன்றெடுத்தார்.

பாலம் கட்டும் பொறியாளர், இரயில் வண்டியை அதன்மேல் ஓடவிட்ட பிறகு கணக்கைச் சரிபார்ப்பதில்லை. தூண் எவ்வளவு பாரம் தாங்கும், வெள்ளம் எவ்வளவு உயரும் என்பனவற்றை முன்னரே எழுதிக் கணக்கிட்டுச் சரிபார்த்த பின்னரே வண்டியை ஓட விடுகிறார். கணிப்பொறிக்கு எழுதப்படும் நிரலையும் அவ்வாறே, அது ஓடும் முன்னரே சரிபார்க்க வேண்டும் என்று தொடக்கக் காலத்திலேயே எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் அப்பொறியாளரின் பேரர் டூரிங். நம் பிள்ளைகள் பலர் பள்ளியில் நிரல் எழுதக் கற்று வரும் இந்நாளில், அம்மேதையின் வாழ்க்கையை இவ்விழா மலரில் நினைவுகூர்வது பொருத்தம் எனக் கருதுகிறோம்.

பிறப்பும் பிரிவும்

டூரிங்கின் தந்தையார் ஜூலியஸ் மேதிசன் டூரிங், இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் அலுவல் பார்த்தவர். 1907-ஆம் ஆண்டு விடுப்பில் தாயகம் திரும்பிய கப்பற்பயணத்தில் எத்தெல் அம்மையாரைச் சந்தித்து, அவ்வாண்டே டப்ளின் நகரில் மணம் புரிந்துகொண்டார். அவர்களுடைய மூத்த மகன் ஜான், 1908-ஆம் ஆண்டு குன்னூரில் இருந்த தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். இளையவரான ஆலன் 1912-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார்.

குழந்தை ஆலனுக்கு ஒன்றரை வயதுகூட நிறையவில்லை. 1913-ஆம் ஆண்டில் பெற்றோர் இருவரும் இந்தியப் பணிக்குத் திரும்பிவிட்டனர். பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தின் தென்கடற்கரையில் உள்ள செயின்ட் லெனார்ட்ஸ் என்னும் ஊரில், ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவரின் குடும்பத்தில் வளர்ந்தனர். பெற்றோர் விடுப்பில் வரும் நாள்களே அவர்களுக்குத் திருநாள்கள்.

வளைகுடா நாடுகளில் வாழும் நமக்கு இந்தப் பிரிவை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. தந்தை இங்கும் பிள்ளைகள் ஊரிலுமாக எத்தனை குடும்பங்கள் ஆண்டுகளை எண்ணிக் கழிக்கின்றன! நாம் கடல் கடந்து மேற்கே வந்தோம். அவர்கள் கடல் கடந்து கிழக்கே சென்றார்கள். திசை வேறேயன்றிப் பிரிவின் துயர் ஒன்றே.

சிறுவன் ஆலனுக்குத் தொடக்கம் முதலே எண்களின்மீது பெருவிருப்பம். வீதியில் நடந்து செல்கையில் விளக்குக் கம்பம் ஒவ்வொன்றின் அருகிலும் நின்று, அதில் பொறிக்கப்பட்டிருக்கும் வரிசை எண்ணைப் படித்த பின்னரே நகர்வானாம். ஆனால் இடக்கை எது, வலக்கை எது என்பது மட்டும் அவனுக்குக் குழப்பமாகவே இருந்தது. அதற்கு அவன் தானே ஒரு வழி கண்டான். இடக்கைப் பெருவிரலில் சிவப்பு மையால் ஒரு புள்ளி இட்டுக்கொண்டான். ஐயம் தோன்றும்போதெல்லாம் அப்புள்ளியைப் பார்த்துத் தெளிந்தான். தவறு நேரக்கூடிய இடத்தில் முன்கூட்டியே ஓர் அடையாளம் இட்டு வைப்பது என்னும் இவ்வழக்கத்தைப் பிற்காலத்தில் அவர் கணிப்பொறி இயலுக்கும் கொண்டுவந்தார்.

கல்விப் பருவம்

1926-ஆம் ஆண்டு, தம் 13-ஆம் வயதில், ஷெர்போர்ன் என்னும் பள்ளியில் சேர்வதற்காகப் பிரான்சு நாட்டிலிருந்து கப்பலில் வந்து சௌத்தாம்ப்டன் துறைமுகத்தில் இறங்கினார் ஆலன். அந்நேரம் பார்த்து இங்கிலாந்தில் பொது வேலைநிறுத்தம், இரயில்கள் ஓடவில்லை. சிறுவன் கலங்கவில்லை. தன் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவையும் தனியே கடந்தான். வழியில் ஒரு விடுதியில் இரவு தங்கி, மறுநாள் பள்ளியைச் சென்றடைந்தான். கல்வியில் வேட்கை உடையோர்க்குத் தடை ஒரு பொருட்டன்று என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்று.

பள்ளியில் அவருக்குக் கிடைத்த அரிய நண்பர் கிறிஸ்டோபர் மோர்காம். அறிவியலில் இருவரும் ஒருவரையொருவர் விஞ்சப் படித்தனர். ஆனால் 1930-ஆம் ஆண்டு அந்நண்பர் காசநோய்க்கு இரையானார். ஆறாத் துயரில் ஆழ்ந்த டூரிங், நண்பர் ஆற்றியிருக்கக்கூடிய பணியையும் சேர்த்துத் தாமே ஆற்ற வேண்டும் என உறுதி பூண்டார். 1931-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் கணிதம் பயிலச் சேர்ந்து, 22-ஆம் வயதிலேயே அக்கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எல்லாப் பிழையையும் காணும் எந்திரம் உண்டா?

1936-ஆம் ஆண்டில் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையே இன்றைய கணிப்பொறி இயலின் அடித்தளம். அக்காலத்தில் கணிப்பொறி என்னும் பொருளே உலகில் இல்லை. டூரிங் தம் மனத்தில் ஓர் எந்திரத்தைக் கற்பனை செய்தார். முடிவில்லாத நீளமுள்ள காகித நாடா, அதில் கட்டங்கள், கட்டத்தில் உள்ள குறியைப் படித்து, அழித்து, வேறு குறி எழுதி, இடமோ வலமோ நகரும் ஓர் உறுப்பு. இவ்வளவே அந்த எந்திரம். ஆயினும் விதிமுறைப்படி கணக்கிடக்கூடிய எதனையும் இவ்வெந்திரம் கணக்கிடும் என்று அவர் வாதிட்டார்.

அதே கட்டுரையில் அவர் ஓர் எல்லையையும் வரைந்து காட்டினார். இன்றைய வழக்கில் கூறுவதாயின், எந்த நிரலைக் கொடுத்தாலும் அது ஒரு கட்டத்தில் நின்று விடை தருமா, முடிவின்றி ஓடிக்கொண்டே இருக்குமா என்று தவறாமல் தீர்ப்பளிக்கும் பொதுவான சோதக நிரல் ஒன்று இருக்க முடியாது.

இதனை நம் மாணவர்களும் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். அத்தகைய சோதகர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உடனே ஒரு குறும்புக்கார நிரலை நாம் எழுதுவோம். அது தன்னைப் பற்றியே அச்சோதகரிடம் தீர்ப்புக் கேட்கும். நிற்கும் என்று தீர்ப்பு வந்தால் நிற்காமல் ஓடும். நிற்காது என்று தீர்ப்பு வந்தால் உடனே நின்றுவிடும். எப்படித் தீர்ப்பளித்தாலும் சோதகர் தோற்பார். ஆகவே தோல்வியே காணாத சோதகர் இருத்தல் இயலாது.

எல்லாப் பிழைகளையும் தானே கண்டுபிடிக்கும் எந்திரம் இல்லை என்று மெய்ப்பித்தவர் டூரிங். அவ்வாறாயின் நிரலில் உள்ள பிழைகளை நாம் எவ்வாறு களைவது? அவ்வினாவுக்கும் வழி காட்டியவர் அவரே என்பதுதான் அவர் வாழ்வின் சிறப்பு. ஆனால் அவ்வழி பிறப்பதற்குப் 13 ஆண்டுகள் ஆயின. இடையில் ஒரு பெரும்போர் குறுக்கிட்டது.

போர்க்காலத் தொண்டு

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1938-இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய டூரிங், 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டதும் பிளெட்ச்லி பூங்கா என்னும் இடத்தில் இயங்கிய மறைகுறி ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். செருமானியர் தம் செய்திகளை எனிக்மா என்னும் எந்திரத்தால் மறைகுறியாக்கி அனுப்பினர். அதன் அமைப்பு முறையோ நாள்தோறும் மாற்றப்பட்டது. போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் முன்னரே தொடங்கி வைத்திருந்த பணியை மேலெடுத்துச் சென்று, பாம்ப் எனப்படும் மின் எந்திரத்தை டூரிங் வடிவமைத்தார். கார்டன் வெல்ச்மன் என்பார் அதனை மேலும் செம்மைப்படுத்தினார்.

அவ்வெந்திரம் சரியான விடையை நேராகத் தேடவில்லை. ஓர் அமைப்பு முறையை உண்மை எனக் கொண்டு, அதிலிருந்து முரண்பாடு பிறக்கிறதா என்று பார்த்தது. முரண்பட்டால் அதனை ஒதுக்கியது. தவறானவற்றை விரைந்து விலக்கினால் எஞ்சியிருப்பவை மிகச் சில. அட்லாண்டிக் கடலில் உணவும் படைக்கலமும் ஏற்றி வந்த கப்பல்களை நீர்மூழ்கிகளிடமிருந்து காப்பதற்கு இப்பணி பெருந்துணை புரிந்தது.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை இங்குக் கூறாதிருக்க முடியவில்லை. டூரிங்கின் மிதிவண்டிச் சங்கிலி அடிக்கடி கழன்றுவிடும். மிதிகட்டை குறிப்பிட்ட தடவை சுற்றியதும் அது கழல்வதை அவர் எண்ணிப் பார்த்து அறிந்தார். பிறகு வண்டியோட்டும்போதே சுற்றுகளை எண்ணி, கழலவிருக்கும் கணத்திற்குச் சற்று முன்னரே வண்டியை நிதானித்துச் சரிசெய்துகொள்வார். பழுது நேர்ந்தபின் இறங்கிக் கையைக் கரியாக்கிக்கொள்வதைவிட, நேரும் முன்னரே தடுப்பது மேல் அல்லவா!

126 வரிகளில் 20 பிழைகள்

போர் முடிந்தபின், கற்பனை எந்திரத்தை உண்மை எந்திரமாக்கும் காலம் வந்தது. டூரிங் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு கணிப்பொறிக்கு விரிவான திட்டம் வகுத்தார். பின்னர் 1948-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கு நிரலைத் தன் நினைவகத்திலேயே இருத்திக்கொண்டு இயங்கும் சிறு கணிப்பொறி ஒன்று 1948 ஜூன் 21 அன்று முதன்முறையாக ஓடியிருந்தது.

அந்நாளைய நிரல் இன்று நாம் காண்பது போன்றதன்று. மான்செஸ்டரில் பின்னர் நிறுவப்பட்ட கணிப்பொறியில் ஒவ்வொரு கட்டளையும் 20 இரும எண்களால் ஆனது. அவற்றை ஐந்தைந்தாகப் பிரித்து, தொலையச்சுப் பொறியின் 32 குறிகளால் எழுதினர். அக்குறிகளின் அட்டவணையை நிரல் எழுதுவோர் மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. எந்திரத்தின் உள்ளுறுப்புகளோடு நேரடியாகப் பேசும் இத்தகைய நிரலை அடிநிலை நிரல் எனலாம். இதில் ஒரு குறி மாறினால் கூட்டல் கழித்தலாகும். வேறோர் எண் அழிந்துபோகும். எந்திரமோ மறுப்புரைக்காது, தவறான கட்டளையையும் பணிவோடு நிறைவேற்றும்.

கேம்பிரிட்ஜில் எட்சாக் என்னும் கணிப்பொறியை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ், 1949 ஜூன் மாதத்தில் தம் முதல் பெரிய நிரலை எழுதினார். அதன் காகித நாடா பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டு ஆராயப்பட்டபோது, 126 வரிகளில் 20 பிழைகள் இருந்தமை தெரியவந்தது. எந்திரத்தையே படைத்தவர் எழுதிய நிரலில் இத்தனை பிழைகள்! இனித் தம் வாழ்நாளின் பெரும்பகுதி தம்முடைய பிழைகளைத் தேடுவதிலேயே கழியப் போகிறது என்று அந்நாளில் மாடிப்படியில் நின்றபோது தமக்குத் தோன்றியதாக வில்க்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

மூன்று பக்கக் கட்டுரை

அதே ஜூன் மாதம் 24-ஆம் நாள், தம் 37-ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள், கேம்பிரிட்ஜில் நடந்த கணிப்பொறி மாநாட்டில் டூரிங் உரையாற்றினார். பெரிய நிரல் ஒன்றைச் சரிபார்ப்பது எப்படி என்பதே பொருள். அச்சில் ஏறத்தாழ மூன்று பக்கமே வரும் சிறிய உரை அது.

அவர் காட்டிய வழியை நாம் நம் மளிகைக் கணக்கைக் கொண்டு விளக்குவோம். 468, 357, 289 திர்ஹம் என மூன்று பற்றுச்சீட்டுகள் இருக்கின்றன. கூட்டுத்தொகை 1,114 என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், சரிபார்ப்பவர் முழுக் கணக்கையும் மீண்டும் போட வேண்டும். ஒன்றாம் இடத்தில் 24, ஆகவே 2 மிச்சம். பத்தாம் இடத்தில் அந்த 2-ஐயும் சேர்த்து 21, ஆகவே 2 மிச்சம். நூறாம் இடத்தில் 11 என்று மிச்சங்களையும் குறித்துக் கொடுத்தால், மூன்று பேர் ஆளுக்கோர் இடத்தைத் தனித்தனியே சரிபார்த்துவிடலாம். ஒவ்வோர் இடமும் சரியெனில் முழுக் கணக்கும் சரியே.

நிரலுக்கும் இதுவே வழி என்றார் டூரிங். இந்த இடத்தை அடையும்போது இந்தப் பெட்டியில் இன்ன மதிப்பு இருக்க வேண்டும் என்னும் உறுதிமொழிகளை நிரல் எழுதுபவர் இடையிடையே குறித்து வைக்க வேண்டும். சரிபார்ப்பவர், ஓர் உறுதிமொழி மெய்யாயின் அடுத்த கட்டளைக்குப் பின் அடுத்த உறுதிமொழியும் மெய்யாகுமா என்று மட்டும் பார்த்துக்கொண்டே செல்லலாம். நிரல் முடிவின்றிச் சுழலாது என்பதற்கும் அவர் வழி சொன்னார்: ஒவ்வொரு படியிலும் குறைந்துகொண்டே வரும் ஓர் அளவைச் சுட்டிக்காட்ட வேண்டும். குறைந்துகொண்டே வருவது ஒருநாள் தீர்ந்தே ஆக வேண்டும் அல்லவா! பெருக்கல் கட்டளை இன்றி, கூட்டலை மட்டுமே திரும்பத் திரும்பச் செய்து தொடர்பெருக்கத்தைக் கணக்கிடும் ஒரு நிரலை எடுத்துக்கொண்டு இவ்விரண்டையும் மெய்ப்பித்துக் காட்டினார்.

எந்த நிரலையும் தானே சோதிக்கும் எந்திரம் இல்லை என்ற 1936-ஆம் ஆண்டின் முடிவுக்கு இது முரணன்று. எழுதுபவர் தம் கருத்தை வெளிப்பட எழுதிவைத்தால், சரிபார்ப்பவரின் வேலை எளிதாகிறது. எழுதுபவரின் மனத்திலேயே அது மறைந்து கிடந்தால் எவராலும் உதவ இயலாது.

அவையோர் அன்று எவ்வளவு புரிந்துகொண்டனர் என்பது ஐயமே. மான்செஸ்டர் கணிப்பொறியில் எண்களைத் தலைகீழாக, சிறிய இலக்கத்தை இடப்பக்கம் வைத்து எழுதுவது வழக்கம். அதே பழக்கத்தில் டூரிங் கரும்பலகையிலும் எண்களைத் திருப்பி எழுதிவிட்டார். கேட்டோர் திகைத்தனர் என வில்க்ஸ் கூறியிருக்கிறார். பிழை களையும் வழியைச் சொன்ன அவ்வுரை அச்சேறியபோது அதிலேயே பல அச்சுப்பிழைகள் புகுந்தன. அதனைக் கவனிப்பார் இல்லை. அமெரிக்காவில் ராபர்ட் ஃபிலாய்ட் 1967-லும், வட அயர்லாந்தில் டோனி ஹோர் 1969-லும் இத்தகைய கருத்துகளைப் புதிதாக வகுத்து வெளியிட்ட பின்னரே உலகம் விழித்தது. டூரிங்கின் கட்டுரை பிழை திருத்தப்பெற்று 1984-இல் மீண்டும் அச்சாயிற்று.

தொகுப்பி என்னும் காவலர்

டூரிங் காட்டிய வழியில் சரிபார்ப்பவர் ஒரு மனிதர். அவ்வேலையின் ஒரு பகுதியை எந்திரத்திடமே ஒப்படைக்க வழி திறந்தது தொகுப்பியின் வருகை. மனிதர்க்கு விளங்கும் மொழியில் எழுதிய நிரலைப் பொறிமொழிக்கு மாற்றித் தரும் நிரலையே தொகுப்பி, அதாவது கம்பைலர் என்கிறோம். 1952-இல் அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் அம்மையாரும், மான்செஸ்டர் கணிப்பொறிக்காக அலிக் கிளென்னியும் இத்துறையில் முன்னடி எடுத்து வைத்தனர். நாளடைவில் தொகுப்பி மொழிபெயர்ப்பாளராக மட்டும் இராமல் காவலராகவும் ஆயிற்று. எண் இருக்க வேண்டிய இடத்தில் பெயரை வைத்தால், நிரல் ஓடும் முன்னரே தடுத்து நிறுத்தியது.

இதன் அருமையை நம்மைப் போல் அறிந்தவர் யார்? கடவுச்சீட்டில் உள்ள பெயரும் விசாவில் உள்ள பெயரும் ஓர் எழுத்து வேறுபட்டால், அதனைத் திருச்சி விமான நிலையத்தில் புறப்படும் முன்னரே கண்டுபிடித்துச் சொல்லும் அலுவலர்மீது நமக்குச் சினம் வரலாம். ஆனால் கடல் கடந்து வந்து இறங்கிய பிறகு அது தெரியவந்தால் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். தொகுப்பி சிவப்பு எழுத்தில் பிழை காட்டும்போது நம் பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். அது புறப்படும் முன் எச்சரிக்கும் நல்ல அலுவலர் என்று அறிவார்களாக!

1970-களில் பிறந்த சி மொழி இன்றும் அடிநிலை நிரல்களுக்குப் பெரிதும் பயன்படுகிறது. வேகம் மிக்க அம்மொழி, எழுதுபவரைப் பெரிதும் நம்பிவிடும். பத்து அறைகள் உள்ள வரிசையில் பதினோராவது அறையில் எழுதச் சொன்னாலும் பல வேளைகளில் தடுக்காது. 2011-ஆம் ஆண்டின் சி மொழித் தரவரையறையில் ஒரு வசதி சேர்க்கப்பட்டது. இந்தப் பதிவு 64 பைட்டு அளவுடையது என்று நிரலிலேயே ஓர் உறுதிமொழி எழுதி வைக்கலாம். அது பொய்யானால் தொகுப்பி அந்நிரலைத் தொகுக்கவே மறுத்துவிடும். 1949-இல் டூரிங் கேட்ட உறுதிமொழிகளுள் தொகுக்கும்போதே அறியக்கூடியவற்றை இன்று எந்திரமே சரிபார்க்கிறது. 2015-இல் முதல் நிலைப் பதிப்பு வெளிவந்த ரஸ்ட் மொழி மேலும் ஒரு படி சென்றது. நினைவகத்தின் எப்பகுதி யாருக்கு உரியது, எதுவரை இரவல் தரப்பட்டது என்பதைத் தொகுக்கும்போதே அது கணக்குப் பார்க்கிறது. ஐயத்திற்கு இடமிருந்தால், சில வேளைகளில் பிழையற்ற நிரலைக்கூட ஏற்க மறுக்கும். எல்லாவற்றையும் தவறாமல் தீர்ப்பளிக்கும் சோதகர் இல்லை என்று டூரிங் மெய்ப்பித்தாரல்லவா? அதனால், ஐயம் எழுந்தால் நிறுத்திவிடுவதே பாதுகாப்பு என அம்மொழியை வகுத்தோர் முடிவு செய்தனர்.

எழுதப்படாத அனுமானம் என்ன விலை கேட்கும் என்பதற்கு ஒரு சான்று கூறுவோம். 1996 ஜூன் 4 அன்று, ஐரோப்பாவின் ஏரியான்-5 ஏவூர்தி தன் முதல் பயணத்தில் புறப்பட்டு 40 விநாடிகளுக்குள் வெடித்துச் சிதறியது. முந்தைய ஏரியான்-4 ஏவூர்தியின் நிரல் ஒன்று அதில் அப்படியே பயன்படுத்தப்பட்டிருந்தது. 64 பிட்டு எண் ஒன்றை 16 பிட்டு அளவுக்குச் சுருக்கும்போது அது கொள்ளாமல் வழிந்தது. அவ்வெண் அவ்வளவு பெரிதாகாது என்பது பழைய ஏவூர்திக்கு உண்மை, புதியதற்கு உண்மையன்று. அந்த அனுமானம் நிரலின் அருகே எழுதப்பட்டு, புதிய ஏவூர்திக்கும் அது பொருந்துமா எனச் சரிபார்க்கப்பட்டிருந்தால் அவ்விழப்பு நேர்ந்திராது.

பிந்தி உணரப்பட்ட பிழை

டூரிங்கின் இறுதி ஆண்டுகள் துயரம் நிறைந்தவை. 1951-இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், மறு ஆண்டிலேயே நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அவருடைய அந்தரங்க வாழ்வை அந்நாட்டின் அன்றைய சட்டம் குற்றமெனக் கருதியது. சிறைக்கு மாற்றாக, உடலையும் உள்ளத்தையும் வருத்தும் மருந்தேற்றத்திற்கு அவர் உட்பட நேர்ந்தது. அரசின் இரகசியப் பணிகளிலிருந்தும் விலக்கப்பட்டார். போரில் அவர் ஆற்றிய தொண்டு அப்போது இரகசியமாகவே இருந்தமையால், நாடு யாரைத் தண்டிக்கிறது என்பதை மக்களும் அறியவில்லை. 1954 ஜூன் 7 அன்று, 41-ஆம் வயதில் அவர் மறைந்தார். தற்கொலை என விசாரணை முடிவு செய்தது. தாயார் எத்தெல் அம்மையாரோ அதனை ஏற்கவில்லை. வேதியியல் சோதனையில் நேர்ந்த விபத்து என்றே நம்பினார். மகனின் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி 1959-இல் வெளியிட்டார். குழந்தைப் பருவத்தில் பிரிந்திருந்த தாய், மகன் மறைந்தபின் அவன் எழுதிய கடிதங்களையும் தாள்களையும் தேடித் தொகுத்த காட்சியை எண்ணினால் நெஞ்சம் கனக்கிறது.

2009-ஆம் ஆண்டு பிரித்தானியப் பிரதமர் அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013-இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டு அவர் பிறந்தநாளான ஜூன் 23 அன்று அவர் உருவம் பொறித்த 50 பவுண்டு தாள் வெளியிடப்பட்டது. பிழை உணரப்பட்டது, ஆனால் உரியவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னர்!

கணிப்பொறி இயலின் மிக உயரிய விருது 1966 முதல் டூரிங்கின் பெயராலேயே வழங்கப்பட்டு வருகிறது. அவர் கருத்துகளை அறியாமலே மீண்டும் கண்டறிந்த ஃபிலாய்ட் 1978-லும் ஹோர் 1980-லும் அவ்விருதைப் பெற்றனர். சென்னை கிண்டி பொறியியற் கல்லூரியில் பயின்ற ராஜ் ரெட்டி 1994-இல் அதனைப் பெற்றார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

நமக்குரிய பாடம்

2021 பிப்ரவரி 9 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தின் ஹோப் விண்கலம் செவ்வாய்க் கோளின் சுற்றுப்பாதையை அடைந்த இரவு, இந்நாட்டில் வாழும் நாமும் மகிழ்ச்சியில் திளைத்தோம். விண்கலத்தின் வேகத்தைக் குறைக்க அதன் உந்துபொறிகள் 27 நிமிடங்கள் இயங்க வேண்டியிருந்தது. அங்கிருந்து ஒரு சமிக்ஞை பூமியை எட்டுவதற்கே ஏறத்தாழ 11 நிமிடங்கள் ஆகும். பிழை நேர்ந்ததை அறிந்து திருத்துவதற்குள் காலம் கடந்துவிடும். ஆதலின் கலம் தன்னுள் இருந்த நிரலையே நம்பித் தானே இயங்கியது. முன்னரே சரிபார்த்ததன் பயனை அன்றிரவு நாம் கண்டோம்.

மாணவச் செல்வங்களே! திருக்குறளில் தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரத்தை நீங்கள் நம் வகுப்பில் படித்திருக்கிறீர்கள். டூரிங்கின் மூன்று பக்கக் கட்டுரையும் அந்நெறியின் வழிப்பட்டதே. கணக்குப் போடும்போது மிச்சத்தை எழுதுங்கள். நிரல் எழுதும்போது நீங்கள் எதனை உண்மை என்று கொண்டீர்களோ அதனையும் அருகில் எழுதுங்கள். மறைத்து வைத்த அனுமானத்தை ஆசிரியராலும் திருத்த முடியாது; தொகுப்பியாலும் காட்ட முடியாது.

பெற்றோர்களே! பிள்ளை பிழை செய்தான் என்று கடிந்துகொள்ளும் முன், பிழையை அஞ்சாமல் வெளியே சொல்லும் துணிவை அவனுக்கு ஊட்டுவோம். கேம்பிரிட்ஜின் பேரறிஞரே 126 வரிகளில் 20 பிழைகள் செய்தார். பிழை செய்வது இழிவன்று. அது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்குமாறு வேலையை அமைத்துக்கொள்வதே அறிவு. இடக்கைப் பெருவிரலில் சிவப்புப் புள்ளி இட்டுக்கொண்ட அந்தச் சிறுவன் நாணவில்லை. நம் பிள்ளைகளும் நாண வேண்டுவதில்லை.

அடுத்த முறை விடுப்பில் ஊருக்குச் செல்லும்போது, இரயில் போத்தனூரில் நின்றால், ஒரு கணம் உங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்ப்பலகையைக் காட்டுங்கள். இந்த ஊரில் பிறந்த ஒரு தாயின் மகன்தான், நீ கையில் வைத்திருக்கும் கருவிக்கு அடித்தளம் இட்டவன் என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல், இன்னொரு மேதைக்கு வித்தாகக் கூடும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பிள்ளைகளின் அறிவு!